காதில் விழாத ஸ்பீக்கருக்குக் காசு கொடுக்கலாமா?

வீட்டுக்கு நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும், முதலில் வரும் புத்திமதி "காதால் கேட்காமல் வாங்கிவிடாதே" என்பதுதான். நியாயமான பேச்சு. ஆனால் எங்கே போய்க் கேட்பது? அமைதியான அறை, உட்கார நாற்காலி, நமக்குப் பிடித்த பாட்டை அரைமணி நேரம் போட்டுக் காட்டப் பொறுமையுள்ள ஆள், இந்த மூன்றும் அமைந்த கடைகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில்தான் இருக்கின்றன. அங்கேயும் நாம் மனதில் வைத்திருக்கும் மூன்று மாடல்களும் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது அபூர்வம். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கைபேசித் திரையில் தெரியும் படமும் விலையும் நட்சத்திரங்களும்தான் கதி. முப்பதாயிரம், அறுபதாயிரம் என்று பணத்தைக் கட்டிவிட்டு, பெட்டி வந்து சேரும்வரை வயிற்றில் புளி கரைகிறது.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் நியாயமானது? ஒலியியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியைத் துருவியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதை வைத்துப் பார்த்தால், கேட்காமல் வாங்குவதில் நாம் நினைக்கும் அளவுக்கு ஆபத்து இல்லை. கடையில் கேட்டு வாங்குவதில் நாம் நினைப்பதைவிட அதிக ஆபத்து இருக்கிறது. இரண்டு வழியிலும் தப்பாமல் நம்மைப் பிடிக்கும் ஆபத்து ஒன்று உண்டு: நம் வீட்டு அறை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"என் காதால் கேட்டேன்" என்பதற்கு இணையான சாட்சி இல்லை என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்தவர்களில் முன்னோடி தாமஸ் எடிசன். 1915 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அவருடைய நிறுவனம் அமெரிக்கா முழுவதும் அரங்குகளில் ஒரு காட்சி நடத்தியது. பாடகி மேடையில் பாடுவார், பக்கத்தில் அவருடைய இசைத்தட்டு ஓடும். நடுவில் விளக்கு அணையும். மறுபடி எரியும்போது பாடகியைக் காணோம், ஆனால் பாட்டு மட்டும் தொடரும். எது குரல், எது தட்டு என்று தெரியவில்லை என்று கூட்டம் வியந்தது. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்டால் பழைய டெலிபோன் குரல்போல ஒடுங்கித்தான் ஒலிக்கின்றன. அந்தக் காட்சிகளில் பாடிய அன்னா கேஸ், இயந்திரத்தின் தொனிக்கு ஏற்பத் தன் குரலை அமைத்துக்கொண்டு பாடியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அரங்கில் இருந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டது உண்மை, கேட்கவைத்த ஏற்பாடுதான் அவர்களுக்காக முடிவெடுத்தது.

கடை டெமோவும் ஓர் ஏற்பாடுதான். 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்விலிருந்து நமக்குத் தெரிந்த ஒரு விஷயம்: சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது பேஸை மிகக் குறைவாகவே உணர்கிறது. சத்தம் ஏற ஏற பேஸ் நிறைகிறது, பாட்டுக்கு உடம்பு வருகிறது. ஆகவே இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று இம்மி அளவு சத்தமாக ஒலித்தாலும் அதுவே "தெளிவாக", "கனமாக" தோன்றும். சத்தம் வேறுபடுகிறது என்றுகூட நமக்குத் தெரியாது, தரம் வேறுபடுகிறது என்றே தோன்றும். ஒரே வாட்ஸில் ஒரு ஸ்பீக்கர் 90 டெசிபலும் இன்னொன்று 86 டெசிபலும் தரும். விற்பவர் வால்யூமைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினாலே போதும், முதலாவது ஜெயித்துவிடும். யாரும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

கண் செய்யும் வேலை இதைவிடப் பெரிது. 1994-இல் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனை இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. அந்த நிறுவனத்து ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கவைத்தார்கள், இன்னொரு முறை கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார்கள். திரை விலகியதும் பெரிய, விலையுயர்ந்த, தங்கள் நிறுவனத்துப் பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. விலை குறைந்த சின்னப் பெட்டியின் மதிப்பெண் இறங்கியது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. திரை இருந்தபோது, ஸ்பீக்கரின் இடத்தை மாற்றினாலும் பாட்டை மாற்றினாலும் அவர்கள் காது அந்த வித்தியாசத்தைப் பிடித்தது. கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது அந்த நுட்பம் மழுங்கிவிட்டது. இவர்கள் எல்லோரும் ஒலித்தொழிலில் இருந்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், கடையில் பளபளக்கும் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கும் நாம் எம்மாத்திரம்?

இது நம் கேள்வியின் ஒரு பாதிதான். காது கடையில் தடுமாறுகிறது என்பதாலேயே காகிதம் நம்பத்தக்கதாகிவிடாது. கேட்காமலேயே ஒரு ஸ்பீக்கரை எடைபோட முடியும் என்று காட்டியதும் இதே டூல்தான். 1965-இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்த அவர், ஒட்டாவாவிலிருந்த எதிரொலியற்ற அறையில் ஸ்பீக்கர்களை எல்லாத் திசையிலும் அளந்தார். அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து மக்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கினார். 1985, 1986 ஆண்டுகளில் வந்த அவருடைய கட்டுரைகள், திரை போட்டுக் கேட்கும்போது மனிதர்களின் ரசனை நாம் நினைப்பதுபோல ஆளுக்கு ஆள் சிதறுவதில்லை என்று காட்டின. செவிக்குறை உள்ளவர்களின் மதிப்பெண்கள்தான் அங்குமிங்கும் அலைந்தன. மற்றவர்கள் பெரும்பாலும் ஒரே வகை ஸ்பீக்கரையே விரும்பினார்கள்: நேர் எதிரே எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக ஒலித்து, பக்கவாட்டிலும் அதே குணத்தைக் காப்பாற்றும் ஸ்பீக்கர்.

ஷான் ஆலிவ் இதை இன்னும் முன்னே கொண்டு போனார். 2003-இல் 268 பேரை வைத்து அவர் செய்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் நான்கு ஸ்பீக்கர்களை ஏறக்குறைய ஒரே வரிசையில் அடுக்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் மதிப்பெண் போடுவதில் கஞ்சத்தனமாக இருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டும் வைத்து, மக்கள் போடப்போகும் மதிப்பெண்ணைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை அவர் வெளியிட்டார். கணிப்புக்கும் உண்மை மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.86. முழுப் பொருத்தம் என்றால் 1. அந்தச் சூத்திரத்தில் பேஸ் எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது என்பதற்கு மட்டும் சுமார் 30 சதவீத எடை உண்டு.

இந்த ஆய்வுகளிலிருந்து பிறந்ததுதான் "ஸ்பினோரமா" என்று அழைக்கப்படும் வரைபடம். ஸ்பீக்கரைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒரு முறை திருப்பி, மொத்தம் 70 அளவுகள் எடுத்து, அவற்றைச் சில கோடுகளாகச் சுருக்கித் தருகிறது அது. இன்று அது அமெரிக்கத் தரநிர்ணயமாகவே இருக்கிறது. பல மாடல்களுக்கு நிறுவனமோ, தனிப்பட்ட விமர்சகர்களோ எடுத்த இந்த வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்காமல் வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் மேலேயிருக்கும் கோட்டைப் பாருங்கள். அது நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு வரும் ஒலி. 100 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை பெரிய மேடுபள்ளம் இல்லாமல், மேலும் கீழுமாக 3 டெசிபல் வரம்புக்குள் ஓடினால் நல்லது. அடுத்து, சுவர்களில் பட்டுவரும் முதல் எதிரொலிகளைக் குறிக்கும் கோடு. அது மேல்கோட்டின் வடிவத்தை ஒத்து, வலப்பக்கம் போகப் போக மெல்லச் சரிய வேண்டும். 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அங்கே ஒரு பள்ளமும் உடனே ஒரு மேடும் தெரிந்தால், வூஃபரிடமிருந்து ட்வீட்டர் பொறுப்பேற்கும் இடம் சரியாக அமையவில்லை என்று அர்த்தம். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும், குரலின் மெய்யெழுத்துகளும் வயலின், நாதஸ்வரத்தின் மேல்சுரங்களும் குவிவதும் அந்தப் பகுதியில்தான். இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் வெறும் சுவரும் டைல்ஸும் உள்ள கூடத்தில் நாதஸ்வரம் காதைக் குத்தும். கடைசியாக இடது ஓரம்: கோடு எந்த ஹெர்ட்ஸில் கீழே விழுகிறது? ஐந்தங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டி பலவும் 60 ஹெர்ட்ஸை ஒட்டி விழத் தொடங்கும். அதில் சினிமா வெடிச்சத்தம் நெஞ்சில் அறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சப்வூஃபருக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர், டிஜிட்டல் இசையை அனலாகாக மாற்றும் டாக் (DAC) போன்ற மின்னணுச் சாதனங்களில் இத்தனை பாடு இல்லை. ஒழுங்காக வடிவமைத்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே சத்தத்தில், அவற்றின் திறனுக்குள் ஓடவிட்டுத் திரை போட்டால் வேறுபாடு கண்டுபிடிப்பது மிகக் கடினம். டிஜிட்டல் பக்கமும் இப்படித்தான். 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர் தெளிவு இசைத்தட்டின் ஒலியையும் அதையே சாதாரண சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம். நாணயம் சுண்டிப் போட்டாலும் அதே பலன்தான் வந்திருக்கும். எனவே இந்த வகைச் சாதனங்களைக் கேட்காமல் வாங்கத் தயங்கவே வேண்டாம். தேவையான இணைப்புகள் இருக்கின்றனவா, உங்கள் ஸ்பீக்கரின் ஓம்ஸைத் தாங்குமா, ஊரில் சர்வீஸ் உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் 230 வோல்ட்டில் ஓடுமா என்பதையும் பாருங்கள். விலையுயர்ந்த கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

வாட்ஸ் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். தொண்ணூறுகளில் டேப்ரெக்கார்டர் அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிஎம்பிஓ வாட்ஸ் பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய புளுகைத் தடுக்கவே 1974-இல் ஆம்ப்ளிஃபயர் விதி ஒன்று வந்தது, 2024-இல் அதை மேலும் இறுக்கினார்கள். நம்மிடம் அதற்கு இணையான கறாரான விதி இல்லாததால் நாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ அடாப்டரையோ படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 19 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 57 வாட்ஸ். அதிலிருந்து 200 வாட்ஸ் இசை தொடர்ந்து வெளியே வராது.

அதோடு, வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 86 டெசிபல் உணர்திறன் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு வாட்ஸில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்தவருக்குச் சுமார் 80 டெசிபல் தரும். அதுவே நல்ல சத்தம். பாட்டின் உச்சங்களுக்கு 90 டெசிபல் வேண்டுமென்றால் 10 வாட்ஸ், 100 டெசிபல் வேண்டுமென்றால் 100 வாட்ஸ். 50 வாட்ஸ் மாடலுக்குப் பதில் 100 வாட்ஸ் மாடல் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல் மட்டும்.

விமர்சனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலியைச் சொல்லில் வடிப்பது எவ்வளவு வழுக்கும் வேலை என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. 1970-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், போஸ் 901 ஸ்பீக்கரில் வாத்தியங்களின் ஒலி அறையில் அலைவதாக எழுதியது. போஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. ஒலி அறையில் அலைந்ததா, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே சுவரோரமாக நகர்ந்ததா என்று நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நேர்மையான விமர்சகர்களுக்கே சொல் இவ்வளவு இடறும் என்றால், இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு பேசுபவர்களின் வர்ணனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. விமர்சகரின் அறை எவ்வளவு பெரியது, எதனோடு ஒப்பிட்டார், அளந்து பார்த்தாரா என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத விமர்சனத்தை நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அறைக்கு வருவோம். அளவீடும் கடை டெமோவும் கைவிடும் இடம் இதுதான். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியின் குணத்தைப் பெரும்பாலும் ஸ்பீக்கர் தீர்மானிக்கிறது. அதற்குக் கீழே ராஜ்ஜியம் அறையினுடையது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை ஒன்று சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் பேஸ் வீங்கும், அதே அறையில் வேறு இடத்தில் அதே பேஸ் காணாமல் போகும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊரில் சகஜமான பத்துக்குப் பன்னிரண்டடி படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 346 மீட்டர். பன்னிரண்டடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், பத்தடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். கூரையின் உயரமும் பத்தடி என்றால் அதற்கும் 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் சேர்ந்து ஒரே சுருதியைத் தூக்கிப் பிடிக்கும். பேஸ் கிட்டாரின் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்வதற்கு இதுதான் காரணம். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் இதே சுரங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும், பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் உப்பும். எந்தக் கடையிலும் இது தெரியாது. கடையின் பெரிய கூடமும் திறந்த வாசலும் ஃபால்ஸ் சீலிங்கும் வேறு கணக்கு.

வெளிநாட்டு விமர்சனம் படிக்கும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது தானும் அதிர்ந்து பேஸில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம்முடையது செங்கல், கான்கிரீட். தரையில் டைல்ஸ், கம்பளம் கிடையாது. பேஸ் தப்பிக்க வழியில்லை, உச்சஸ்தாயி உறிஞ்சப்பட இடமில்லை. அங்கே "பேஸ் கொஞ்சம் மெலிவு" என்று குறைபட்ட சின்ன ஸ்பீக்கர் நம் படுக்கையறையில் அளவாக ஒலிக்கலாம். அங்கே புகழப்பட்ட பெரிய பெட்டி இங்கே அடித்தொண்டையில் பேசலாம். அறைக்குள் கை தட்டிப் பாருங்கள். டணடணவென்று உலோகச் சத்தம் நீண்டால், புது ஸ்பீக்கருக்கு முன் தடித்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் புத்தக அலமாரியும்தான் தேவை. பேஸுக்கு அது போதாது. ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பார்க்க வேண்டும், பிறகு ஈக்வலைசரால் வீக்கத்தை வெட்ட வேண்டும். அளவு மைக் ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் எந்த ஹெர்ட்ஸில் வீக்கம் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

ஹெட்போனுக்கும் இதே நியாயம்தான். அங்கே அறைக்குப் பதில் காதுமடலும் தலையின் அகலமும். வரைபடம் ஒலியைச் சொல்லும், ஒரு மணி நேரம் போட்டால் காது வலிக்குமா என்பதைச் சொல்லாது.

ஆக, கேட்டாக வேண்டிய இடம் வீடுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தாலும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. வாட்ஸ் புளுகுக்கு இந்த விதி துணைக்கு வரும். "என் அறையில் நன்றாக இல்லை" என்பதற்கு வராது. பெரும்பாலான விற்பனையாளர்கள் பழுதுக்கு மாற்றுப்பொருள் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இருபது கிலோ ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பும் லாரி செலவு யார் தலையில் என்பதும் பில்லில் எழுதியிருக்காது.

1950-களின் இறுதியில் எட்கர் வில்ச்சரின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஓர் இசையறை திறந்தது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது, விற்பனையாளரும் கிடையாது. வாங்குபவர் மீது அப்படி மரியாதை வைத்த நிறுவனங்கள் இன்றும் சில இருக்கின்றன. இன்று அந்த மரியாதைக்கு அடையாளம், முழு அளவீட்டையும் வெளியிடுவதும் வீட்டில் வைத்துப் பார்க்க இரண்டு வாரம் தருவதும்தான்.

அதனால் பணம் கட்டுமுன் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்த மாடலின் ஸ்பினோரமா கிடைக்குமா, என் அறைக்கு ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள், அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மூன்று கேள்விக்கும் பதில் வராத மாடல் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பதில் தரும் மாடலைக் கேட்காமலேயே வாங்கலாம்.